மேட்டில் ஏறும்போது மட்டும் அணைந்துவிடும் மின்சார சைக்கிள்: பழுது மோட்டாரிலா, பேட்டரியிலா?

ஏலகிரி அடிவாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் ஏலகிரி மலையின் அடிவாரத்தில், ஜோலார்பேட்டையை அடுத்த பொன்னேரியில் குடியிருக்கிறேன். மலைமேல் அத்தனாவூர்ப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு எழுதுகிறேன். காலை ஆறரை மணிக்கு வேலையில் இருக்க வேண்டும் என்பதாலும், அந்த நேரத்துக்குத் தோதான பேருந்து எனக்கு அமையவில்லை என்பதாலும், என்னிடம் இருந்த 21 கியர் சைக்கிளில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பின்சக்கரத்தின் நடுவிலேயே அமரும் ஹப் மோட்டார் ஒன்றைப் பொருத்தி மின்சார சைக்கிளாக மாற்றிக்கொண்டேன். மோட்டார் 36 வோல்ட், 250 வாட். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 15 ஆம்பியர். பேட்டரி 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயான் வகை. என் எடை 68 கிலோ, பேட்டரியோடு சேர்த்து சைக்கிள் 24 கிலோ, சாப்பாட்டுப் பை, மழைச்சட்டை, கணக்குப் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து இன்னும் எட்டு கிலோ வரும்.

இந்த மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றுக்குப் புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் சூட்டியிருப்பது வந்து போனவர்களுக்குத் தெரியும். கைபேசியில் பார்த்தால் அடிவாரத்துக்கும் விடுதிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 600 மீட்டர் என்று காட்டுகிறது. முதல் ஆண்டு முழுவதும் நானும் மிதித்து மோட்டாரும் உதவ, எங்கும் நிற்காமல் ஐம்பது நிமிடங்களில் மேலே போய்ச் சேர்ந்துவிடுவேன். அப்போதும் பேட்டரியில் பாதிக்குக் குறையாமல் மீதி இருக்கும்.

கடந்த மூன்று மாதங்களாக நிலைமை மாறிவிட்டது. புறப்படும்போது டிஸ்பிளேயில் சார்ஜைக் காட்டும் ஐந்து கட்டங்களும் இருக்கும். கபிலர் வளைவை நெருங்கும்போது, ஏற்றம் கடுமையாகும் இடத்தில், கட்டங்கள் மூன்றாகக் குறைந்து வண்டி தளர ஆரம்பிக்கும். இரண்டொரு நிமிடங்களில் எந்த முன்னறிவிப்பும் இன்றி டிஸ்பிளே உட்பட எல்லாம் அணைந்துவிடும். ஓரமாக நிறுத்தி, பேட்டரியில் உள்ள சாவியைத் திருப்பி மூடித் திறந்தால் மறுபடியும் உயிர் வரும், கட்டங்களும் நான்காக ஏறிவிடும். மீண்டும் சிறிது தூரம் போனால் மறுபடியும் அணையும். மார்கழி மாதக் காலைகளில் இது இன்னும் மோசமாக இருந்தது. ஆனால் சமதரையில் ஜோலார்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் போய் வந்தால் ஒரு குறையும் இல்லை.

வண்டியைப் பார்த்த கடைக்காரர், மோட்டார் களைத்துவிட்டது, 1000 வாட் மோட்டாரும் அதற்கேற்ற கன்ட்ரோலரும் மாட்டினால்தான் மலை ஏறும் என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார். அது எனக்கு ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். கொடுப்பதற்கு முன், பழுது உண்மையிலேயே மோட்டாரில்தானா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது. வோல்ட் பார்க்கத் தெரியும். அதைக் கொண்டு நானே எதையாவது சோதித்துப் பார்க்க முடியுமா?

பேட்டரிப் பட்டறை, கோவை

நண்பருக்கு வணக்கம். பணத்தைக் கொடுப்பதற்கு முன் கேட்டது மிகவும் நல்லது. பதினோரு ஆண்டுகளாக பேட்டரி வேலை செய்கிறேன். தாங்கள் எழுதியுள்ள விவரத்தை வைத்துப் பார்த்தால் மோட்டாரின் மேல் எனக்குச் சந்தேகம் எழவில்லை.

மேட்டில் இழுக்கவில்லை என்று வருகிற வண்டி எதுவானாலும், இழுவை குறைகிற அந்தக் கணத்தில் டிஸ்பிளே எரிகிறதா, அணைகிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். டிஸ்பிளே எரிந்துகொண்டே இருந்து மோட்டார் மட்டும் தளர்ந்தால், கன்ட்ரோலர் சூடாகித் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறதா, பிரேக் லீவருக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மோட்டாரை அடிக்கடி நிறுத்துகிறதா, த்ராட்டில் (வேகம் கூட்டக் கையால் திருகும் பிடி) முழு அளவுக்குத் திரும்புகிறதா என்று தேட வேண்டும். மோட்டார் சத்தம் போட்டுச் சுற்றியும் சக்கரத்துக்கு வேகம் வராவிட்டால், உள்ளே இருக்கும் நைலான் பற்சக்கரமோ ஒருவழிக் கிளட்சோ தேய்ந்திருக்கும். வண்டி உதறி உதறி இழுத்தால், மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரையோ மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களில் ஒன்றையோ பார்க்க வேண்டும். தங்களுடையது இந்த மூன்றிலும் சேராதது. டிஸ்பிளேயே அணைகிறது, சாவியைத் திருப்பினால் மீள்கிறது. பேட்டரியே வெளியே மின்சாரம் கொடுக்காமல் கதவைச் சாத்திக்கொள்கிறது என்பதுதான் இதற்குப் பொருள்.

தங்கள் வண்டியில் மின்சாரத்தை நிறுத்தக்கூடிய காவல் இரண்டு இடத்தில் இருக்கிறது. கன்ட்ரோலர், தனக்கு வந்து சேரும் மொத்த வோல்ட் ஏறத்தாழ 31-க்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்தும். அப்போதும் பெரும்பாலான வண்டிகளில் டிஸ்பிளே எரிந்துகொண்டிருக்கும். மற்றொன்று பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்ற காவல் பலகை. 36 வோல்ட் பேட்டரி என்பது வரிசையாக இணைக்கப்பட்ட பத்துச் செல் கூட்டங்கள். 10.4 ஆம்பியர்-மணி என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் 2.6 ஆம்பியர்-மணி செல்கள் நான்கு இருக்கும். பி.எம்.எஸ். இந்தப் பத்தையும் தனித்தனியாகக் கவனிக்கிறது. ஏதேனும் ஒரு கூட்டம் ஏறத்தாழ 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே போதும், மற்ற ஒன்பதும் நல்ல நிலையில் இருந்தாலும் அது மொத்தப் பேட்டரியையும் துண்டித்துவிடும். டிஸ்பிளேயில் தெரியும் கட்டங்கள் மொத்த வோல்ட்டைத்தான் காட்டுகின்றன. தனிக் கூட்டம் ஒன்று சரிவது அதில் தெரியாது.

சமதரையில் நான்கைந்து ஆம்பியர் இழுக்கிற வண்டி, மேட்டில் கன்ட்ரோலரின் முழு அளவான 15 ஆம்பியரையும் இழுக்கும். செல்லுக்குள் இருக்கும் தடை காரணமாக, எத்தனை ஆம்பியர் இழுக்கிறோமோ அந்த அளவுக்கு அதன் வோல்ட் தாழும். பழைய செல்லில் தடை அதிகம், ஆகவே தாழ்வும் அதிகம். குளிரில் அது இன்னும் சற்றுக் கூடும், தாங்கள் சொன்ன மார்கழிக் காலைக்கு அதுவும் ஒரு காரணம். இழுப்பது நின்றதும் வோல்ட் திரும்ப ஏறிக்கொள்வதால்தான் கட்டங்கள் நான்காகத் தெரிகின்றன.

ஆகவே நின்ற நிலையில் அளப்பதால் பெரிய பயன் இல்லை. ஏறும்போது அளக்க வேண்டும். முழுவதும் சார்ஜ் ஆகி ஓர் இரவு கழிந்த பிறகு காலையில் ஒருமுறை பேட்டரியின் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஹேண்டில்பாரில் கட்டி, முனைகளைப் பேட்டரியின் வெளிவாயில் பொருத்தி, வழக்கமாக அணையும் இடம் வரை ஏறுங்கள். மறுநாள் முனைகளைக் கன்ட்ரோலர் பக்கத்தில், கனெக்டரைத் தாண்டிய இடத்தில் வைத்து அதே போல் ஏறுங்கள். ஓட்டும்போது மீட்டரைப் பார்க்க வேண்டாம், கைபேசியில் பதிவு செய்துகொண்டு பிறகு பாருங்கள். நின்றதும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மீட்டரின் சிவப்பு வயர் வோல்ட் துளையில்தான் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியில் வைத்தால் அது நேரடி ஷார்ட் ஆகும். லித்தியம் பேட்டரியில் அந்தத் தவறுக்கு மன்னிப்பு கிடையாது. முனைகளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, குலுங்கினாலும் ஒன்றையொன்று தொடாதபடி கட்டுங்கள்.

1000 வாட் மோட்டாரைப் பற்றி: இதே பேட்டரியில் அதை மாட்டினால் அது இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும், ஆகவே இப்போது அணையும் இடத்துக்கு முன்பே அணையும். அதுவும் தவிர, 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட மின்வண்டிகளுக்குத்தான் பதிவும் உரிமமும் வேண்டாம் என்று விலக்கு அளிக்கின்றன. 1000 வாட் போட்டால் அந்த விலக்கு போய்விடும்.

குன்னூர்ச் சரிவு

கோவை நண்பர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். மலையில் எட்டு ஆண்டுகளாக இப்படிப்பட்ட சைக்கிளை ஓட்டுபவன் என்ற முறையில் கணக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். 250 வாட் போதாது என்று கடைக்காரர் சொன்னது சரியா என்று பார்க்க இது உதவும்.

தாங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, உயரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 285 வாட்டும், டயரின் உராய்வுக்கும் காற்றுக்கும் சேர்த்து இன்னும் ஐம்பது வாட்டுக்குச் சற்று அதிகமாகவும், ஆகக்கூடி 340 வாட் தேவை. நன்றாக மிதிக்கிற ஒருவர் 100 வாட் கொடுக்க முடியும். மீதி 240 வாட்டை மோட்டார் கொடுக்க வேண்டும். 250 வாட் மோட்டாரால் அது முடிகிற காரியம்.

மொத்த ஏற்றத்துக்கான மின்சாரத்தையும் இப்படியே கணக்கிடலாம். 100 கிலோவை 600 மீட்டர் உயர்த்த 165 வாட்-மணி வேண்டும், உராய்வுக்கு ஒரு 35 சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஐம்பது நிமிடங்கள் தாங்கள் மிதித்தது 80-க்கு மேல். எஞ்சிய 120 வாட்-மணியை மோட்டார் தருகிறது. அது வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போகிறது என்று வைத்தாலும் பேட்டரியிலிருந்து 180 போதும். தங்கள் பேட்டரி புதிதில் (36 வோல்ட்டை 10.4-ஆல் பெருக்கினால்) 374 வாட்-மணி. முதல் ஆண்டில் மேலே போனபோது பாதி மீதி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கும் அதையே சொல்கிறது. ஆகவே வண்டி இந்த மலைக்கு ஏற்றதுதான்.

ஆனால் ஓட்டும் முறையில் ஒரு திருத்தம் தேவைப்படலாம். ஹப் மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றுகிறது. நம் காலுக்கு மாற்றிக்கொள்ளக் கியர் உண்டு, அதற்கு அப்படி மாற்றும் கியர் கிடையாது. சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் அது வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை இழுவையாக மாற்றும். த்ராட்டிலை முழுவதும் திருகியும் வண்டி மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஊர்கிறது என்றால், உள்ளே போகும் 540 வாட்டில் (36 வோல்ட், 15 ஆம்பியர்) பாதியோ அதற்கு மேலோ அந்தச் சிறிய மூடிய உருளைக்குள் வெப்பமாகத் தேங்குகிறது. செம்புச் சுருள் 100 டிகிரிக்குச் சூடானால் அதன் தடை அறை வெப்பத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடும், அது மேலும் வெப்பத்தை உண்டாக்கும். சாதாரண வகை நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி வரைதான் பாதுகாப்பானவை. அதற்கு மேல் நெடுநேரம் வெந்தால் இழந்த காந்த சக்தி திரும்பி வராது. நைலான் பற்சக்கரமும் சூட்டில் இளகித் தேயும்.

பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல் சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றி, கால் வேகமாகச் சுற்றும்படி ஏறுங்கள். வளைவின் உட்பக்கம் ஏற்றம் செங்குத்தாக இருக்கும், சாலையில் இடமும் பார்வையும் இருந்தால் வெளிப்பக்கமாகச் சுற்றி வாருங்கள். வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும், ஏற்றத்தின் நடுவில் சங்கிலி மாறாது. டயரில் காற்று, பக்கச்சுவரில் எழுதியுள்ள அளவுக்கு இருக்கிறதா என்றும், பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா என்றும் பாருங்கள். என் நண்பர் ஒருவர் பேட்டரியைச் சந்தேகித்து இரண்டு வாரம் அலைந்த பிறகு, பின்பிரேக் கட்டை உரசிக்கொண்டே இருந்ததைக் கண்டுபிடித்தோம்.

ஏலகிரி அடிவாரம்

இருவருக்கும் என் நன்றி. சொன்னபடியே இரண்டு நாட்கள் அளந்தேன். பிரேக் உரசவில்லை. டயரில் காற்று குறைவாக இருந்தது. அடித்துக்கொண்ட பிறகே அளந்தேன்.

முழு சார்ஜ் ஆகி ஓர் இரவு கழிந்த பின் 41.2 வோல்ட். சமதரையில் ஓடும்போது 39.6. முதல் நாள், பேட்டரியின் வாயில் வைத்து ஏறியபோது கபிலர் வளைவுக்கு முன்னால் 36.4 வரை இறங்கி, அங்கிருந்து ஒரே அடியாகப் பூச்சியமானது. பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நடுவில் வேறு எண் எதுவும் வரவில்லை. மறுநாள் கன்ட்ரோலர் பக்கத்தில் வைத்தபோது, அதே இடத்தில், அதே கியரில், அணைவதற்கு முன் 34.7 காட்டியது.

கனெக்டரைத் தொட்டபோது மூன்று எண்ணுவதற்குள் விரலை எடுக்க வேண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தேன். மஞ்சள் நிற உறையில் ஒரு முனை மட்டும் வறுத்த கடலைத் தோலின் நிறத்துக்கு மாறியிருக்கிறது. அந்த முனைக்குள் போகும் சிவப்பு வயரின் மேலுறை சுருங்கி, செம்புக்கம்பி இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தெரிகிறது. கம்பியும் செம்பு நிறத்தில் இல்லை, கருத்திருக்கிறது. கறுப்பு வயர் இருக்கும் மறுமுனை புதிதுபோல் இருக்கிறது. இந்த ஒன்றுதான் காரணமா?

பேட்டரிப் பட்டறை, கோவை

மிகத் தெளிவாக அளந்திருக்கிறீர்கள். இதில் இரண்டு பழுதுகள் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றொன்றை மறந்துவிடாதீர்கள்.

முதலில் கனெக்டர். பேட்டரியிலிருந்து 36.4 புறப்பட்டு, கன்ட்ரோலருக்கு 34.7 வந்து சேர்கிறது. நடுவில் 1.7 வோல்ட் காணாமல் போகிறது. 15 ஆம்பியர் ஓடும்போது அது 25 வாட். கடையில் ரேடியோ பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் அதே 25 வாட்தான். அப்படியொன்றைத் தங்கள் சீட்டுக்கு அடியில் எரியவிட்டுக்கொண்டு மலை ஏறுகிறீர்கள். இதை நாளைக்கே மாற்றுங்கள். நல்ல எக்ஸ்டி60 கனெக்டர் 60 ஆம்பியர் தாங்கும். கருத்த கம்பியின் மேல் ஈயம் பிடிக்காது, ஆகவே பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வயரை வெட்டிவிட்டுப் பற்றவைக்க வேண்டும். பேட்டரிப் பக்கத்து வயர்களில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்பதால் இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. ஒன்றை முடித்து, டேப் சுற்றிய பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும்.

ஆனால் வண்டி அணைவதற்குக் கனெக்டர் காரணம் அல்ல. அணைகிற நேரத்தில் கன்ட்ரோலருக்கு 34.7 வோல்ட் கிடைத்துக்கொண்டிருந்தது. அதன் எல்லையான 31-க்கு அது இன்னும் போகவில்லை. பேட்டரியில் 36.4 இருந்தது. பத்துக் கூட்டங்களும் சமமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 3.64 இருக்கும், அந்த நிலையில் எந்த பி.எம்.எஸ். பலகையும் வோல்ட் குறைந்தது என்று துண்டிக்காது. ஒன்பது கூட்டங்கள் 3.73-இல் நின்று, ஒன்று மட்டும் 2.8-க்குச் சரிந்தாலும் மொத்தம் அதே 36.4 தான் வரும். இதுதான் நடந்திருக்க வேண்டும். முழு சார்ஜில் 42 வோல்ட் தொடவேண்டிய பேட்டரி, ஓய்வுக்குப் பிறகு 41.6, 41.7 என்று நிற்பது வழக்கம், தங்களுடையது 41.2-இல் நிற்பதும் ஒரு கூட்டம் நிறையவில்லை என்பதற்கே பொருந்துகிறது. பி.எம்.எஸ். பலகையே பழுதாகி, 15 ஆம்பியரையே மிகையென்று நினைத்துத் துண்டிக்கவும் வாய்ப்பு உண்டு. அப்போதும் அறிகுறி இதேபோல் இருக்கும். பெட்டியைத் திறந்து பத்துக் கூட்டங்களையும் அளந்தால்தான் உறுதியாகும்.

பெட்டியைத் தாங்களே திறக்க வேண்டாம். உள்ளே நிக்கல் பட்டைகள் உறையின்றி இருக்கும். ஒரு திருப்புளி வழுக்கினால் போதும், தீப்பிடிக்கும். லித்தியம் பேட்டரி வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய், பி.எம்.எஸ்.-க்குப் போகும் மெல்லிய வயர்களின் வெள்ளை நிறப் பிளக்கில் பத்துக் கூட்டங்களையும் தங்கள் கண் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அங்கே இரண்டு யோசனைகள் சொல்லப்படக்கூடும். பி.எம்.எஸ்.-ஐத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிடலாம், பிறகு அணையவே அணையாது என்பது ஒன்று. அதற்குத் தயவுசெய்து ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சரிந்த கூட்டத்தை மேலும் மேலும் வெறுமையாக்கினால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரைந்து, பிறகு சார்ஜ் போடும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். அந்தப் பேட்டரியை நாம் வீட்டுக்குள் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுகிறோம். மற்றொன்று, கெட்ட நான்கு செல்களை மட்டும் மாற்றலாம் என்பது. இரண்டு ஆண்டுகள் உழைத்த முப்பத்தாறு செல்களோடு புதிய நான்கைச் சேர்த்தால் சில மாதம் ஓடும், பிறகு அடுத்த பலவீனமான கூட்டம் முன்னுக்கு வரும். தினமும் மலை ஏறும் வண்டிக்கு அதை நான் செய்து தருவதில்லை. புதிய பேட்டரி வாங்குவதானால் ஒரு கூட்டத்துக்கு ஐந்து செல்கள் உள்ளதாக, 13 ஆம்பியர்-மணி அளவில் வாங்குங்கள். அதே 15 ஆம்பியரை நான்குக்குப் பதில் ஐந்து செல்கள் பகிர்ந்துகொள்ளும். கன்ட்ரோலர் 36 வோல்ட்டுக்கானது என்பதால் 48 வோல்ட் பேட்டரியை அதில் மாட்டக்கூடாது.

சேலம் ஸ்கூட்டர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது பதிவு தேவைப்படாத மெதுவேக ஸ்கூட்டர். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் ஐந்து, மொத்தம் 60 வோல்ட். மேம்பாலத்தில் இருவராக ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. இங்கே சொன்ன முறை இதற்கும் பொருந்துமா?

பேட்டரிப் பட்டறை, கோவை

பொருந்தும், தங்களுக்கு இன்னும் எளிது. ஐந்தும் தனித்தனிப் பெட்டிகள் என்பதால் எதையும் உடைத்துத் திறக்க வேண்டியதில்லை. முழு சார்ஜுக்குப் பிறகு ஒவ்வொன்றும் 12.7 வோல்ட் காட்டலாம், அதை வைத்து ஏமாறக்கூடாது. ஒருவர் மேம்பாலத்தில் ஓட்ட, பின்னால் அமர்ந்தவர் ஒரு நேரத்தில் ஒரு பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்கட்டும். நல்லவை 11.5-க்கு மேல் நிற்கும்போது ஒன்று மட்டும் 10.5-க்குக் கீழே இறங்கினால் கெட்டது அதுதான். லெட் ஆசிட் பேட்டரியில் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறோமோ அவ்வளவுக்கு அதன் கொள்ளளவே குறைந்துவிடும் என்பதால், ஒருவர் போவதற்கும் இருவர் போவதற்கும் மேட்டில் பெரிய வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

ஏலகிரி அடிவாரம்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். காத்திருந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் கனெக்டரை மட்டும் மாற்றினேன். கோவை ஐயா சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்தது. வண்டியின் இழுவை நன்றாகவே கூடியது, கனெக்டர் கை பொறுக்கும் வெதுவெதுப்போடு நின்றது. ஆனால் கபிலர் வளைவுக்கு முன்னால் அதே இடத்தில் எல்லாம் அணைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஒரு பேட்டரிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முழு சார்ஜோடு போயிருந்தேன். பட்டறைக்காரர் பெட்டியைத் திறந்து, வெள்ளைப் பிளக்கில் ஒவ்வொரு வயராக அளந்து சொல்ல, நான் தாளில் எழுதினேன். ஒன்பது கூட்டங்கள் 4.16-க்கும் 4.18-க்கும் இடையில் இருந்தன. நான்காவது மட்டும் 3.70. கூட்டிப் பார்த்தால் நான் வீட்டில் அளந்த அதே 41.2. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றிருந்தேன். மோட்டாருக்குக் கொடுக்க இருந்த பணம் நினைவுக்கு வந்தது.

வெளியிலிருந்து பார்க்க அந்த நான்கு செல்களிலும் வீக்கமோ கசிவோ இல்லை. ஆனால் பெட்டியின் அடிமூலையில், அவற்றுக்கு நேர் கீழே, நீர் பட்டு உலர்ந்த தடம் இருந்தது. மழைக்காலத்தில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தும் வழக்கம் எனக்கு உண்டு. சாவித்துளை வழியாக இறங்கிய தண்ணீராக இருக்கலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். இப்போது சாவித்துளையின் மேல் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு ஒன்றை மூடிபோல் ஒட்டியிருக்கிறேன்.

13 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கிவிட்டேன்; கடைக்காரர் கேட்ட தொகையைவிடக் குறைவாகவே முடிந்தது. மோட்டார், கன்ட்ரோலர் இரண்டும் பழையவைதான். கபிலர் வளைவுக்கு முன்னால் கன்ட்ரோலர் பக்கத்தில் இப்போது 38.6 வோல்ட் காட்டுகிறது. குன்னூர் நண்பர் சொன்னபடி வளைவுக்கு முன்பே கியரை இறக்கி, காலை வேகமாகச் சுற்றி ஏறுகிறேன். ஐம்பது நிமிடம் 46 ஆகியிருக்கிறது, மேலே போய் ஹப்பின் மேல் கை வைத்தால் வைத்தபடியே வைத்திருக்க முடிகிறது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பழைய பேட்டரி வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பேட்டரிப் பட்டறை, கோவை

பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க வேண்டாம். எடைக்காகச் சுத்தியலால் தட்டி உடைப்பார்கள், ஒன்பது கூட்டங்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. படிக்கட்டுக்கு அடியிலிருந்தும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், தீப்பிடித்தால் வீட்டை விட்டு வெளியேறும் வழி அதுதான். கனெக்டரின் இரண்டு முனைகளிலும் தனித்தனியாக டேப் சுற்றி, மழை படாமல், பிற பொருள்கள் எதுவும் அருகில் இல்லாமல், வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் வையுங்கள். மறுபடியும் சார்ஜ் போடாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுக்கு இருக்கிறது. புதிய பேட்டரி வாங்கிய இடத்திலேயே, பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று முதலில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், பதிவு பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளர் யாரிடமாவது கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.